மாதுளை நிறத்தில் தங்கம்

போன வாரம் கண்ணாடி துடைக்கும் திரவம் வாங்கக் கடைக்குப் போனேன். பாட்டிலில் கொட்டை எழுத்தில் 'நானோ' என்று போட்டிருந்தது. கடைப் பையனிடம், "தம்பி, இது எத்தனை நானோமீட்டர்?" என்று கேட்டுவிட்டேன். பழக்கதோஷம். அவன் பாட்டிலைத் திருப்பிப் பார்த்து, "ஐநூறு மில்லி சார்" என்றான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஷூ பாலிஷிலிருந்து பெயிண்ட் வரை எல்லாவற்றிலும் இப்போது நானோதான். ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். 1 முதல் 100 வரை இருந்தால் நானோபொருள். இதெல்லாம் நீங்கள் கேட்டதுதான். ஆனால் வெறும் சின்னதாக இருக்கிறது என்பதற்காக யாரும் இத்தனை பாடுபட மாட்டார்கள். பொருள் அதேதான், அளவு மாறினால் குணம் மாறுகிறது. மறுபடியும் சொல்கிறேன்: அளவு மாறினால் குணம் மாறுகிறது.

இதைக் கண்ணால் பார்க்கத் தங்கத்தை விட்டால் எனக்கு வேறு பொருள் பிடிக்காது. என் ஆய்வகத்தில் சேருகிற பிள்ளைகள் முதலில் தங்கக் கூழ்மம் செய்து காட்ட வேண்டும். கிராஃபீன், கார்பன் நானோகுழாய் எல்லாம் அப்புறம். அவற்றைப் பற்றிப் பேச ஆட்களுக்கா பஞ்சம்?

1951இல் பிரின்ஸ்டனில் ஜான் டர்கெவிச்சும் உடன் இருந்தவர்களும் ஆராய்ந்து எழுதியதுதான் இந்தக் கூழ்மம் செய்யும் பக்குவம். தங்க உப்பை நீரில் கரைத்தால் வெளிறிய மஞ்சள். கொதிக்க விட்டு, கலக்கிக்கொண்டே சோடியம் சிட்ரேட் கரைசலை ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். மஞ்சள் போய்த் தண்ணீர் தெளிந்துவிடும். சில நொடிகள் ஒன்றும் நடக்காது. மாணவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். பிறகு மையைக் கரைத்தது போல் ஒரு கருநீலம், நாவல்பழ ஊதா, சில நிமிடங்களில் மாதுளைச் சாற்றுச் சிவப்பு! முப்பது வருடமாகச் செய்கிறேன். அந்தச் சிவப்பு வரும்போது இன்றைக்கும் பேச்சை நிறுத்திவிடுவேன்.

அந்தக் குடுவையில் சாயம் எதுவும் இல்லை. இருப்பது தங்கம், ஏறக்குறைய 15 நானோமீட்டர் மணிகளாக. ஒளி பட்டதும் மணிக்குள் இருக்கும் எலக்ட்ரான்கள் எல்லாம் சேர்ந்து ஊஞ்சல் போல் ஆடுகின்றன. அந்த ஆட்டத்துக்குப் பச்சை ஒளி தீனியாகிறது. மிச்சம் நம் கண்ணுக்குச் சிவப்பாக வருகிறது. தாலிக்கொடியிலும் எலக்ட்ரான் உண்டு, ஆனால் இப்படி ஒரு சிறு கூண்டுக்குள் அடைபட்டு ஆடுவதில்லை.

நான் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது முதல் முறையாகச் சிவப்பு வந்த சந்தோஷத்தில், பேராசிரியரிடம் காட்டச் சின்னச் சீசா நிறைய வேண்டும் என்று குழாய்த் தண்ணீர் ஊற்றி நிரப்பினேன். எங்கள் விடுதியில் போர் தண்ணீர், உப்பு. மாடிப்படி ஏறுவதற்குள் சிவப்பு நீலமாகிவிட்டது. சாயங்காலம் அடியில் கரித்தூள் போல் ஒரு படிவு. மணிகளைச் சுற்றிய சிட்ரேட்டின் எதிர்மின்னூட்டம்தான் ஒன்றையொன்று அண்டவிடாமல் வைத்திருந்தது. உப்பு அந்த வேலியைப் பிடுங்கியது, மணிகள் ஒட்டிக்கொண்டன, அளவு மாறியது, நிறம் மாறியது. பேராசிரியர் திட்டவில்லை. "இன்னொரு தடவை உப்புப் போட்டுக் காட்டு" என்றார்.

மைக்கேல் ஃபாரடே 1857இலேயே லண்டனில் இந்த நிறமாற்றத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார். தங்க உப்பைப் பாஸ்பரஸால் ஒடுக்கிச் சிவப்புத் திரவம் செய்தார், ஒளிக்கற்றையைச் செலுத்தினார், பாதை துலங்கியது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்கள் மிதப்பதையும், துகளின் அளவு மாறினாலே நிறம் மாறுவதையும் அதை வைத்தே சொன்னார். எலக்ட்ரான் நுண்ணோக்கி வர இன்னும் எழுபது வருடத்துக்கு மேல் இருந்தது! அவர் செய்த சிவப்புத் திரவம் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இன்றும் இருக்கிறது, சிவப்பாகவே.

நிறத்தோடு கதை முடியவில்லை. ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்துக்கு மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு நானோமீட்டர் துண்டுகளாக வெட்டினால் 6,000 சதுர மீட்டர். ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர். வினை நடக்கும் இடம் மேற்பரப்புதானே? எதோடும் எளிதில் சேராத தங்கத்தைச் சில நானோமீட்டர் மணிகளாக்கினால் கார்பன் மோனாக்சைடை உறைநிலைக்குக் கீழேயே எரிக்கும் என்று ஜப்பானில் ஹருதா என்ற விஞ்ஞானி 1980களில் காட்டினார். கட்டித் தங்கம் உருக 1,064 டிகிரி வேண்டும். இரண்டு, மூன்று நானோமீட்டர் மணி அதற்குப் பல நூறு டிகிரி முன்பே உருகிவிடும். குவாண்டம் புள்ளிகள் எனப்படும் நானோ அளவுக் குறைகடத்தித் துகள்களுக்கு 2023இல் நோபல் கிடைத்தது. அதிலும் அளவுதான் நிறம். ஆனாலும் எனக்குத் தங்கம்.

மருந்துக்கடையில் கிடைக்கும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டையைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பலவற்றில் தெரியும் செங்கோடு இந்தத் தங்க மணிகள்தான். அட்டையில் 'நானோ' என்று யாரும் போடுவதில்லை.

கடையில் வாங்கிய பாட்டிலை ஆய்வகத்துக்குக் கொண்டுபோயிருந்தேன். "எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துவிடலாமா சார்?" என்றாள் ஒரு மாணவி. ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு கட்டணம் என்று சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்தத் திரவத்தை ஊற்றி ஜன்னலைத் துடைத்தாள். நன்றாகத்தான் துடைத்தது.