பித்தப்பை ஆபரேஷனுக்குப் பிறகு



வயிற்றின் வலப்பக்கம், ஈரலுக்கு அடியில் ஒரு சின்னப் பை இருக்கிறது. அதுதான் பித்தப்பை. அதில் கல் உண்டாகி வலி கொடுத்தால், டாக்டர்கள் பையையே எடுத்துவிடுகிறார்கள். நம் நாட்டில் கங்கை பாயும் வட மாநிலங்களில் இந்த நோய் அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது.

முன்பு வயிற்றை நீளமாகக் கீறித்தான் பையை எடுத்தார்கள். 1990-ம் ஆண்டு பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் உத்வாடியா சிறு துளைகள் வழியாக எடுத்துக் காட்டினார். இந்தியாவில் அதுவே முதல் தடவை. இன்று பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறார்கள். ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. "தையல் சின்னது, ஆபரேஷனும் சின்னது" என்று வீட்டார் நினைக்கிறார்கள். மூன்றாம் நாளே அந்த அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போகிறார். வெளிக்காயம் சின்னதுதான். உள்காயம் ஆற நாளாகும். ஒரு குடம் தண்ணீர் 10 முதல் 15 கிலோ எடை. அதைத் தூக்கினால், துளை போட்ட இடத்தில் குடல் பிதுங்கலாம். ஆகவே 4 முதல் 6 வாரம் வரை குடம், விறகு, மூட்டை எதையும் அவர் தூக்கக் கூடாது. கணவரும் பிள்ளைகளும் அந்த வேலையைச் செய்யட்டும். நீளமாகக் கீறியிருந்தால் ஓய்வு இன்னும் கூடுதலாக வேண்டும்.

ஓய்வு என்றால் படுத்தே கிடப்பதா? இல்லை. முதல் நாளிலிருந்தே மெல்ல நடக்க வேண்டும். நடந்தால் இரத்தம் உறையும் ஆபத்து குறையும். தோளில் வலித்தால் பயம் வேண்டாம். ஆபரேஷனுக்காக வயிற்றில் செலுத்திய காற்றினால் வரும் வலி அது. சில நாளில் போய்விடும்.

பை இல்லாமல் சோறு செரிக்குமா? செரிக்கும். பித்தநீரைச் சுரப்பது ஈரல். பை அதைச் சேர்த்து வைக்கும் இடம்தான். முதலில் கஞ்சி, இட்லி, பருப்புச் சாதம் கொடுக்கலாம். எண்ணெய்ப் பலகாரம் சில வாரம் வேண்டாம். சிலருக்குக் கொஞ்ச நாள் பேதியாகும்.

ஆனால் காய்ச்சல் வந்தாலோ, வயிற்றுவலி கூடினாலோ, தையலில் சீழ் வந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ காத்திருக்கக் கூடாது. கண் மஞ்சளானால் மிகவும் கவனம் தேவை. மந்திரிப்பது, கீழாநெல்லி கொடுப்பது என்று நாளைக் கடத்தாதீர்கள். பித்தக் குழாயில் கல் தங்கியிருக்கலாம். குழாயில் காயம் பட்டிருக்கலாம். அன்றே ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கடைசியாக ஒன்று. மருத்துவமனையில் கொடுத்த சீட்டை நீங்களே படியுங்கள். தையல் பிரிக்கும் தேதி எது? மாத்திரை எத்தனை வேளை? புரியாததை நர்ஸிடம் கேளுங்கள். எடுத்த பையைச் சோதனைக்கு அனுப்பியிருந்தால், முடிவைத் தவறாமல் வாங்குங்கள். அரிதாக அதில் புற்றுநோய் இருப்பது அப்போதுதான் தெரியவரும்.

எழுத்தறிவு உயிரையும் காக்கும்.