சக்கரத்தின் அமானிதம்



நம் மஹல்லா இளைஞர் பலர் லாரித் தொழிலை நாடுகின்றனர். ஹலாலான சம்பாத்தியம், அதில் இழிவேதுமில்லை. ஆயினும், கிளீனராக ஏறி, ஓட்டுநர் கண்ணயரும் வேளையில் ஸ்டீயரிங் பிடித்துப் பழகுவது பயிற்சியாகாது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, 20 வயது நிறையாதவர் லாரி ஓட்டலாகாது. இலகுரக உரிமம் பெற்று ஓராண்டு கழிந்த பின்னரே அதற்கான பழகுநர் உரிமமும் கிடைக்கும்.

ஜமுனாமரத்தூரிலிருந்து பாரத்துடன் இறங்கும் வண்டியை எண்ணிப் பாருங்கள். பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். தாழ்ந்த கியரில் இஞ்சினே வேகத்தை அடக்க வேண்டும். குறுகிய மலைப்பாதையில் ஏறிவரும் வண்டிக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும். இவற்றை ஆசான் அருகிருந்தே கற்பிக்க வேண்டும். கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் பயிற்சிப் பள்ளி உள்ளது.

பயிற்சிக் கட்டணத்திற்கு வழியின்றியே பிள்ளைகள் குறுக்கு வழி தேடுகின்றனர். வசதி படைத்தோர் அதனை வட்டியில்லா அழகிய கடனாக வழங்க வேண்டுகிறோம். சாலையில் செல்லும் ஒவ்வோர் உயிரும் ஓட்டுநரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமன்றோ!

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் பயணங்களைப் பாதுகாப்பானாக! ஆமீன்.