லிண்டர் எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும்?



நிரலில் பிழை பார்க்கும் கட்டளை வரிக் கருவிகளைப் பற்றி ஒரு கருத்தரங்கு, அதுவும் தமிழில், அதுவும் தொரப்பள்ளியில் என்றதும், பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் நண்பர்கள் சிலர் சிரித்தார்கள். அவர்களுக்கு ஒரு தகவல். இந்த ஊரில் 1878 டிசம்பர் 10 அன்று பிறந்த ராஜாஜி, சேலத்தில் வக்கீல் தொழில் செய்துகொண்டிருந்த நாளிலேயே, 1916இல், அறிவியல் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். பிற்பாடு 'திண்ணை ரசாயனம்' என்று வேதியியல் நூலே எழுதினார். ஆகவே இடம் பொருத்தமானதுதான். கலைச்சொல் ஆக்கும் வேலையை மட்டும் இன்று நான் செய்யப்போவதில்லை. லிண்டர், கம்பைலர், பார்சர் என்றே சொல்லப்போகிறேன்; இளைஞர்கள் வாயில் அப்படித்தான் வழங்குகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. ஓசூரைச் சுற்றி டிவிஎஸ், அசோக் லேலண்ட், ஏத்தர். போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா. இன்றைய வண்டியில் இன்ஜினோ பேட்டரியோ எதுவானாலும் அதை ஆள்வது ஒரு சின்னச் சில்லும் அதற்குள் ஓடும் நிரலும். அந்த நிரல் பெரும்பாலும் சி மொழியில் இருக்கும். வண்டிகளுக்கான சி நிரல் எப்படி இருக்க வேண்டும் என்று பிரிட்டனில் 1998இல் வகுத்த மிஸ்ரா விதிகளை இங்கே பலர் தினமும் கையாள்கிறீர்கள். விதிப்புத்தகத்தை மனிதக் கண்ணால் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. அதற்குத்தான் லிண்டர்: நிரலை ஓட்டாமல், வாசித்து மட்டும் பார்த்து, இங்கே சந்தேகம் இருக்கிறது என்று சொல்லும் கருவி.

முதல் லிண்டர் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் எழுதியது. 1978இல் வந்த அவருடைய குறிப்பு சில பக்கங்கள்தான், இன்றும் படிக்கலாம். யூனிக்ஸை ஒரு கணினியிலிருந்து வேறு வகைக் கணினிக்கு மாற்றும் வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. ஓரிடத்தில் ஒழுங்காக ஓடிய சி நிரல் இன்னோர் இடத்தில் தடுமாறியது. கம்பைலரிடமே எல்லாக் கண்டிப்பையும் சுமத்தினால் அது மெதுவாகும். அதனால் கம்பைலர் வேகமாக மொழிபெயர்க்கட்டும், கண்டிப்புக்குத் தனி ஆள் இருக்கட்டும் என்று வேலையைப் பிரித்தார்கள்.

இப்போது அந்தத் தனி ஆளை ரஸ்ட் மொழியில் எழுதுவது பரவிவிட்டது. 2022இல் சார்லி மார்ஷ் வெளியிட்ட ரஃப் என்ற பைத்தான் லிண்டர் இதற்குப் பெரிய காரணம். அவர்கள் வெளியிட்ட ஒப்பீட்டில், பைத்தான் மொழியின் சொந்த மூலநிரல் முழுவதையும் ஃப்ளேக்8 என்ற முந்தைய லிண்டர் பார்த்து முடிக்கப் பன்னிரண்டு நொடி ஆகிறது. ரஃப் அரை நொடிக்குள் முடிக்கிறது. சொந்தக் கடைத் தராசு என்று கொஞ்சம் கழித்துக்கொண்டாலும் வித்தியாசம் மிகப் பெரியது. ராத்திரியில் ஒருமுறை ஓட்டிய கருவியைக் கோப்பைச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் ஓட்டலாம் என்றாகும்போது, நிரலாளரின் பழக்கமே மாறுகிறது.

ஆனால் ரஸ்ட் என்ற பெயரால் மட்டும் வேகம் வந்துவிடவில்லை. முன்பு நான்கைந்து கருவிகள் ஒரே கோப்பைத் தனித்தனியே பிரித்துப் படித்தன. ரஃப் ஒருமுறை படித்து, ஒரு தொடரியல் மரம் கட்டி, அதன் மேல் எல்லா விதிகளையும் ஓட்டுகிறது. கோப்புகளைப் பல கோர்களுக்குப் பங்கிட்டுத் தருகிறது; மாறாத கோப்பைத் திரும்பத் தொடுவதில்லை. 2024 ஏப்ரலில் வந்த 0.4 பதிப்பில், ஒரு கருவி ஆக்கித் தந்த பார்சரைத் தூக்கிவிட்டுக் கையால் எழுதிய பார்சரை வைத்தார்கள். பிரித்துப் படிக்கும் வேகம் இரு மடங்குக்கு மேல் கூடியது. ஒரே மொழிக்குள், அமைப்பை மாற்றியதால் வந்த லாபம் அது. மொழியை மட்டும் மாற்றிவிட்டு அமைப்பை அப்படியே வைத்திருக்கும் கட்டுரைகள் இங்கேயும் வந்திருக்கின்றன. அவற்றை எழுதியவர்கள் விவாதத்துக்குத் தயாராக இருக்கலாம்.

நான் அதிகம் பேச விரும்புவது கிளிப்பியைப் பற்றி. ரஸ்ட் நிரலைச் சோதிக்கும் லிண்டர் அது, ரஸ்டிலேயே எழுதியது. 2014இல், ரஸ்டின் 1.0 பதிப்புகூட வராத காலத்தில், மும்பை ஐஐடியில் படித்துக்கொண்டிருந்த மனீஷ் கோரேகாவ்கர் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸில் கேட்காமலே வந்து நின்று உதவி சொன்ன காகிதக் கிளிப் பொம்மையின் பெயரை அதற்கு வைத்தார்கள். உலகமே எரிச்சல்பட்ட ஒரு பாத்திரத்தின் பெயரை ஒரு லிண்டருக்குச் சூட்டத் தன்னறிவு வேண்டும். 2018இல் அது ரஸ்டின் நிலையான வெளியீட்டோடு சேர்ந்தே வரத் தொடங்கியது. இன்று அதில் எழுநூறுக்கு மேல் விதிகள்.

அத்தனை விதியையும் ஒரே குரலில் ஒலிக்கவிட்டிருந்தால் யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். ஒரு மாறியை அதனோடேயே ஒப்பிடுவது போன்ற நிச்சயத் தவறுகள் ஒரு தொகுதி; அவை வந்தால் கிளிப்பி வேலையை நிறுத்திவிடும். நடை, வேகம், தேவையற்ற சிக்கல் ஆகியவை எச்சரிக்கையோடு சரி. பண்டிதத்தனமான விதிகள் தனித் தொகுதியாக, கேட்டால் மட்டுமே பேசும். என் கணிப்பில் கிளிப்பியின் சாதனை எழுநூறு விதிகளில் இல்லை, இந்த வரிசையில்தான் இருக்கிறது. பத்து எச்சரிக்கையில் மூன்று வீண் என்று கண்டவர் பதினோராவதைப் படிக்க மாட்டார். கோப்பின் தலையில் ஒரு விலக்குக் குறிப்பை எழுதிவிட்டுப் போய்விடுவார்.

கிளிப்பிக்கு இன்னொரு பலமும் உண்டு, அதுவே அதன் பாரமும். அது கம்பைலரின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருப்பதால், ஒவ்வொரு மாறியின் வகையும் அதற்குத் தெரியும். அதற்காகக் கம்பைலர் சோதித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். ரஃப் வகைகளை அவ்வளவு ஆழமாகப் பார்க்காது; ஆகவே பறக்கிறது. நம் சந்திப் பிழைதிருத்திகளுக்கும் இதே கதைதான். "வேலை கொடு" என்றால் பணி கேட்கிறார். "வேலைக் கொடு" என்றால் முருகனின் ஆயுதத்தைக் கேட்கிறார். இரண்டும் சரி. பொருள் தெரியாத கருவி இங்கே ஒற்றுப்பிழை என்று கூவக் கூடாது. மிஸ்ராவின் 2012 பதிப்பு இதில் நேர்மையானது: ஒவ்வொரு விதியின் பக்கத்திலும், கருவியால் எப்போதும் தீர்ப்புச் சொல்ல முடியுமா, முடியாதா என்று குறித்தே வைத்திருக்கிறது. நீங்கள் எழுதும் விதிக்கும் அந்தக் குறிப்பை எழுதிப் பாருங்கள். பாதி விதி தானாக உதிர்ந்துவிடும்.

இனி நமக்கே உரிய சங்கடம். இந்த எல்லைப் பகுதியில் ஒரே கோப்பில் தமிழிலும் கன்னடத்திலும் குறிப்புரை எழுதுவார்கள். தொரப்பள்ளி என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். நமக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் பத்துக் குறிகள். ரஸ்டில் ஒரு சரத்தின் நீளத்தைக் கேட்டால் அது பைட் கணக்கில் சொல்லும். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட், ஆக முப்பது. முதலிலுள்ள 'தொ'வின் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக உள்ளிட்டால் பதினொரு குறி, முப்பத்து மூன்று பைட். திரையில் ஒரு மாற்றமும் தெரியாது. வரி 79 எழுத்தைத் தாண்டக் கூடாது என்று பைத்தான் நடைவிதி சொல்கிறதே, அது இவற்றில் எந்த எழுத்து?

கணக்கு பிசகினால் விளைவு சும்மா இருக்காது. இடைவெளிகூட இல்லாமல் முழுக்கத் தமிழான ஒரு வரியை, பிழைச் செய்தியில் காட்டுவதற்காக 79ஆவது பைட்டோடு வெட்டினால் வெட்டு ஒரு குறியின் நடுவில் விழும், ஏனென்றால் 79 மூன்றால் வகுபடாது. சி மொழியில் எழுதிய கருவி சிதைந்த எழுத்தைக் காட்டிவிட்டுப் போகும். ரஸ்டில் எழுதியது அந்த இடத்திலேயே நின்றுவிடும். பிழை பார்க்க வந்த கருவி ஒரு தமிழ்க் குறிப்புரையில் விழுந்து கிடக்கும். நிற்பதே மேல் என்பேன். சிதைவு கண்ணில் படாமல் போகலாம், நின்றது தெரியும். நிற்காமலே பார்த்துக்கொள்வது அதனினும் மேல்.

ரஸ்டின் 1.53 பதிப்பிலிருந்து, அதாவது 2021 ஜூனிலிருந்து, மாறிகளுக்கே தமிழில் பெயர் வைக்கலாம். 'விலைக' என்று ஒன்றும், கடைசியில் தமிழ் எண் ஒன்றைப் போட்டு 'விலை௧' என்று ஒன்றும் இருந்தால் எந்தக் கண்ணும் ஏமாறும். குழப்பமூட்டும் உருவங்களுக்கு யூனிகோட் வைத்திருக்கும் அட்டவணையைப் பார்த்து ரஸ்ட் கம்பைலரே எச்சரிக்கும் வசதி இருக்கிறது. ஆனால் ஒத்த உருவமுள்ள இரண்டு பெயர்களும் நிரலில் இருந்தால்தான் அது எச்சரிக்கும்; 'ஔ'வை ஒகரமும் ளகரமுமாகத் தட்டுவது, துணைக்காலுக்குப் பதில் ரகரத்தைப் போடுவது ஆகிய நம் விசைப்பலகைப் பழக்கங்கள் தனியாக வந்தால் அவற்றைப் பிடிக்க நாம்தான் விதி எழுத வேண்டும். அவற்றை மாறிப் பெயருக்கு உள்ளே மட்டும் கண்டிப்பதா, குறிப்புரையிலும் கண்டிப்பதா? என் வாக்கு முதலாவதற்கு. குறிப்புரை மனிதருக்கு எழுதியது. அங்கே கருவி வாயை மூடிக்கொள்ளலாம்.

ஒரு சில்லறை விஷயம், ஆனால் தொழிற்சாலைக்காரர்கள் இதற்காகவே கோபப்படுவார்கள். கருவி முடியும்போது விட்டுச்செல்லும் எண்ணைச் சரியாக வையுங்கள்: பிழை இல்லையென்றால் சுழியம், இருந்தால் ஒன்று, கருவியே தடுமாறினால் இரண்டு. இந்த மூன்றாவதை ஒன்றோடு கலந்துவிட்டால், நிரல் கெட்டதா லிண்டர் கெட்டதா என்று தெரியாமல் இரவு ஷிஃப்டில் ஒருவர் விழித்திருப்பார்.

முதல் அமர்வு பார்சர்களைப் பற்றியது. கட்டுரையாளர்கள் ஒவ்வொருவரும் தங்கள் கருவி தந்த வீண் எச்சரிக்கைகளில் ஒன்றையாவது எடுத்துச் சொல்லிவிட்டுப் பிறகு வேகக் கணக்குக்குப் போகும்படி கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.