கட்டளையைப் பகுத்தறிதல்



மருதானைப் புகையிரத நிலையத்திலே ஒருவர், “கண்டிக்கு, இரண்டாம் வகுப்பு, மூன்று” என்கிறார். சீட்டு வழங்குபவர் ஊரையும் வகுப்பையும் தொகையையும் கணத்திற் பிரித்தறிகிறார். ஐயம் எழுந்தால் திருப்பிக் கேட்கிறார். கணினிக்கு ஒரே வரியிற் கட்டளையிடும்போதோ, இப்பகுப்பு சிறுநிரல் எழுதுபவரின் பொறுப்பாகின்றது.

சிறுகோட்டுடன் தொடங்குஞ் சொல் வினையடை போன்றது. செயலின் விதத்தைக் குறிக்கும். ஏனையவை செயப்படுபொருள்கள். இதுவே யுனிக்ஸ் மரபு. இவற்றைப் பிரிப்பதற்கென 1980ஆம் ஆண்டளவில் ‘கெற்ஒப்ற்’ என்னும் பொதுக் கருவி தோன்றிற்று.

ஆயினும் கோப்பொன்றின் பெயரே ‘-ஆர்எஃப்’ என்றிருந்தால்? அவ்விடத்துக் கோப்புகள் அனைத்தையும் அழிக்குமாறு ‘ஆர்எம்’ என்னும் கட்டளையை ஏவினால், அது அப்பெயரை வினையடையாகக் கொள்ளும். தொடாது விடவேண்டிய உட்கோப்புறைகளையும் வினவாமலே அழித்துவிடும். பிழைத்திருப்பது அந்தக் கோப்பு மட்டுமே!

இதனைத் தடுக்க வல்லது இரட்டைச் சிறுகோடு. அதன்பின் வருவன யாவும் பொருள்களே என்பது விதி.

நிரல் பயிலும் மாணவர் இன்னுமொன்றை மனங்கொள்ளல் வேண்டும். அறியாத குறி வந்தால் நிரல் ஊகித்துச் செயலாற்றலாகாது. வழங்கும் முறையை எடுத்துக் கூறி நின்றுவிட வேண்டும். சீட்டு வழங்குபவர் “எந்த ஊருக்கு?” என மீண்டும் கேட்பதும் அதற்காகவே.