தூதரும் சிரிப்பும்



"என்ஜினீயருக்கும் தூதரகத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. தூதரக வாழ்க்கையைக் கிண்டல் செய்து மூன்று கதைத் தொகுதிகள் எழுதிய லாரன்ஸ் டரல், 1912-இல் நம் நாட்டு ஜலந்தரில் பிறந்தவர். அப்பா ரயில்பாதை போட்ட என்ஜினீயர்!

டரல் 1949 முதல் 1952 வரை, அன்றைய யூகோஸ்லாவியத் தலைநகர் பெல்கிரேடில், பிரிட்டிஷ் தூதரகத்தில் பத்திரிகைத் தொடர்பு அதிகாரி. அந்த அனுபவத்தில் பிறந்த முதல் தொகுதி 1957-இல் வந்தது. ஆன்ட்ரோபஸ் என்கிற பழுத்த அதிகாரி கிளப்பில் உட்கார்ந்து பழங்கதை பேசுவார். ஒரு கதையில் ஆங்கிலப் பத்திரிகை ஒன்று. அச்சுக் கோக்கிறவர்களுக்கோ ஆங்கிலம் தெரியாது. எழுத்துக்கு எழுத்து மானம் கப்பலேறும். நம்ம மலர்க் குழுவினர் கவனிக்க!

இந்தக் கூத்து நமக்குப் புதுசா? திருவிழாவில் முதல் பரிவட்டம் யாருக்கு, பந்தியில் சம்பந்திக்கு எந்த இலை என்று ஒரத்தநாட்டுப் பக்கம் நாம் பார்க்காத தூதர்களா? ஆனால் விஷயம் சிரிப்போடு நிற்காது. 1661-இல் லண்டனில், பிரான்ஸ் தூதர் வண்டி முந்தியா, ஸ்பெயின் தூதர் வண்டி முந்தியா என்று நடுத்தெருவில் அடிதடி, உயிர்களே போயின. 1815-இல் வியன்னாவில் கூடித் தீர்த்தார்கள்: ஒரே அந்தஸ்துள்ள தூதர்களுக்குள், முதலில் வந்து சேர்ந்தவர் முதலில். 1961 வியன்னா உடன்படிக்கையிலும் அதுதான் விதி. பெரிய நாடு, சின்ன நாடு என்ற பேச்சே கிடையாது.

கல்லணைக் கால்வாயில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதும் இதே கணக்குத்தான். முறை இருந்தால் மண்வெட்டி வரப்பை வெட்டும். முறை போனால் ஆளை வெட்டும். மேல்மடைக்காரர் எவ்வளவு பெரிய மனுஷராக இருந்தாலும், கடைமடைக்காரர் முறை வந்தால் மடையை அடைச்சுத்தான் ஆகணும்.

டரலிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. தன் அதிகாரிகளைக் கேலி செய்தவர், சம்பளத்துக்குப் போன ஊர்க்காரர்களையும் கொஞ்சம் மட்டமாகவே காட்டிவிட்டார். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் நண்பர்களே, அங்கே நீங்கள்தான் நம்ம ஊர்த் தூதர்கள். மேனேஜரைப் பார்த்துச் சிரியுங்கள், உங்களைப் பார்த்தும் சிரியுங்கள். சோறு போடும் ஊரைப் பார்த்து மட்டும் சிரிக்காதீர்கள்.