படுக்கையில் கிடந்தவனுக்கு வந்த வரி பாக்கி
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னை இடிதாங்கியைப் பற்றித்தான் பேசச் சொன்னார். பட்டாசு ஆலைகளுக்கு இடிதாங்கி, எர்த்திங், மின் வரைபடம் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. ஆனால் இந்த அரங்கில் பாதிப் பேருக்கு மேல் சொந்தத் தொழில் செய்கிறவர்கள். அச்சகம், மெஷின் சர்வீஸ், கட்டடப் பிளான், கன்சல்டன்சி என்று ஆளுக்கொரு போர்டு மாட்டியிருக்கிறோம். சம்பளம் வாங்குகிறவருக்கு மெடிக்கல் லீவு இருக்கிறது. நமக்கு என்ன இருக்கிறது? இதைப் பேசினால் உங்களுக்கு உபயோகமாக இருக்கும் என்று கேட்டு, தலைப்பை மாற்றிக்கொண்டேன்.

நம்ம ஊர்ல பணம் எப்ப வரும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் வியாபாரியிடம் தீபாவளி கழிந்துதான் வசூல். ஆலைக்காரருக்கு வந்தால்தான் எனக்கு. 2021-ல் தீபாவளி நவம்பர் 4. அது முடிந்து கார்த்திகை, மார்கழியில் பழைய பில்லெல்லாம் மொத்தமாக செட்டில் ஆனது. அந்த நிதியாண்டில் என் மொத்த வரவு 24 லட்சம். 2022 ஜனவரியில் முதுகுவலி என்று டாக்டரிடம் போனேன். முதுகெலும்பில் காசநோய் என்றார்கள். பதினோரு மாதம் படுக்கை. காசநோய் மாத்திரை அரசாங்கம் இலவசமாகவே தருகிறது. ஆபரேஷனும், ஆஸ்பத்திரி அறை வாடகையும், வருமானமே இல்லாத வீட்டில் பிள்ளைகளின் ஸ்கூல் பீஸும்தான் கையில் இருந்ததைக் கரைத்தன.

டிசம்பரில் பெல்ட் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார முடிந்தது. ஆடிட்டர் அண்ணாச்சி வீட்டுக்கே வந்து ஒரு தாளை நீட்டினார். கட்ட வேண்டியது 1,02,290 ரூபாய். "அண்ணாச்சி, பத்து பைசா சம்பாதிக்கலையே, எதுக்கு வரி?" என்றேன். "தம்பி, இது நீங்க படுத்திருந்த வருசத்துக்கு இல்ல. அதுக்கு முந்தின வருசத்துக்கு. அப்ப நல்லாத்தானே சம்பாதிச்சீங்க!" என்றார்.

இன்ஜினீயர்கள் கூட்டம் என்பதால் கணக்கையே சொல்லிவிடுகிறேன். 1961 வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவுப்படி இன்ஜினீயர், டாக்டர், வக்கீல் போன்றவர்கள் வரவில் பாதியை லாபமாகக் காட்டலாம். ஆக 12 லட்சம். சேமிப்புக் கழிவு ஒன்றரை லட்சம் போக 10,50,000. பழைய முறைப்படி வரி 1,27,500. அதற்கு 4 சதம் செஸ் 5,100. மொத்தம் 1,32,600. ஆலைகள் எனக்குப் பணம் தரும்போது பிடித்த டி.டி.எஸ். 2 சதம், அதாவது 48,000. மீதி 84,600. இந்த முறையில் வருகிறவர்கள் முன்வரி முழுவதையும் மார்ச் 15-க்குள் ஒரே தவணையில் கட்ட வேண்டும். 2022 மார்ச் 15-ல் நான் ஆபரேஷன் முடிந்து குப்புறக் கிடந்தேன். முன்வரி கட்டாததற்கு மாதம் ஒரு சதம் வீதம் ஒன்பது மாத வட்டி 7,614. மார்ச் தவணை தவறியதற்கு 846. ஜூலை 31-க்குள் ரிட்டர்ன் போடாததற்கு ஐந்து மாத வட்டி 4,230. அதற்கு மேல் தாமதக் கட்டணம் 5,000. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும்.

ஆஸ்பத்திரிச் செலவைக் கழிக்க முடியாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். முடியாது. மெஷின் ரிப்பேரானால் அது தொழில் செலவு. மெஷினை ஓட்டுகிறவன் ரிப்பேரானால் அது சொந்தச் செலவு. குறிப்பிட்ட சில வியாதிகளுக்கு 80டிடிபி என்று ஒரு கழிவு உண்டு. புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன, காசநோய் இல்லை.

ஆனால் இ.எஸ்.ஐ.யின் நீண்டகால நோய்ப் பட்டியலில் காசநோய் உண்டு. நான் வரைபடம் போட்ட ஆலையில் வேலை பார்க்கும் இ.எஸ்.ஐ. தொழிலாளிக்கு இதே நோய் வந்திருந்தால், விதிப்படி தகுதி உள்ள பட்சத்தில், முதல் 91 நாள் கூலியில் 70 சதம், அதற்குப் பிறகு 80 சதம் வீதம் இரண்டு வருஷம் வரை கிடைத்திருக்கும். அவருக்குக் கிடைப்பதில் எனக்குப் பொறாமை இல்லை. அது போராடி வந்த உரிமை. கோட் போட்ட கன்சல்டன்ட்டுக்கு அந்தக் குடை இல்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

இதோடு போகவில்லை. ஜி.எஸ்.டி.யில் வேலையே இல்லாத காலத்துக்கும் 'பூஜ்யம்' என்று ரிட்டர்ன் போட்டாக வேண்டும். போட ஆள் இல்லாததால் 2022 அக்டோபரில் என் பதிவையே ரத்து செய்துவிட்டார்கள். நோட்டீஸ் இ-மெயிலுக்குத்தான் வந்தது, தபாலில் அல்ல. ரத்தை நீக்கக் கேட்க அப்போது 30 நாள் கெடு. நான் எழுந்து உட்காருவதற்குள் அதுவும் கழிந்தது. பதிவு எண் இல்லாதவனுக்கு எந்த ஆலை ஆர்டர் தரும்? வரி பாக்கியைவிட இதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

வழி இருந்தது. 2022 ஜனவரி 31 அன்று சென்னை உயர்நீதிமன்றம் சேலம் சுகுணா கட்பீஸ் சென்டர் வழக்கில் ஒரு தீர்ப்பு தந்திருந்தது. ரிட்டர்ன் போடாமல் பதிவு ரத்தான பலர் சேர்ந்து தொடுத்த வழக்குகள் அவை. பாக்கி ரிட்டர்ன்களைப் போட்டு, வரியும் வட்டியும் தாமதக் கட்டணமும் கட்டினால் பதிவைத் திருப்பித் தரலாம் என்பது தீர்ப்பின் சாரம். மதுரைக் கிளைக்குப் போகலாமா என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, 2023 மார்ச் 31-ல் மத்திய அரசு ஓர் அறிவிக்கை போட்டது. 2022 டிசம்பர் 31-க்குள் ரத்தானவர்கள் 2023 ஜூன் 30 வரை விண்ணப்பிக்கலாம் என்றார்கள். பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டினார்கள். எனக்கு மே மாதமே பதிவு திரும்ப வந்துவிட்டது. 2023 அக்டோபர் முதல் அந்த 30 நாள் கெடுவும் 90 நாளாகியிருக்கிறது.

வருமான வரியிலும் சில கதவுகள் உண்டு, நாம்தான் தட்ட வேண்டும். டிமாண்ட் நோட்டீஸ் வந்தால் அந்த 30 நாள் முடிவதற்குள் எழுதிக் கேட்டால், அதிகாரி தவணை தரலாம். தவிர்க்க முடியாத காரணத்தால் ரிட்டர்ன் தாமதமாகி, துறை கண்டுபிடிக்கும் முன் தானாக முன்வந்து போட்டவருக்கு, அந்தத் தாமத வட்டியைத் தள்ளுபடி செய்ய 2006-ல் நேரடி வரிகள் வாரியம் போட்ட உத்தரவு இருக்கிறது. என் விஷயத்தில் அது 4,230 ரூபாய்தான். பெரிய தொழில் வைத்திருப்பவருக்கு லட்சத்தில் போகும். ரீபண்ட் வர வேண்டியவர் கெடுவைத் தவறவிட்டால், 2024 அக்டோபர் 1 சுற்றறிக்கைப்படி, அந்த மதிப்பீட்டாண்டு முடிந்து ஐந்து வருஷத்துக்குள் மன்னிப்பு மனு போடலாம். எல்லாவற்றுக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியும் டாக்டர் சர்டிபிகேட்டும் தேதியோடு வேண்டும். 2025-ல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து, 2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறைத் தேதியாக வைத்திருக்கிறார்கள். அதில் பிரிவு எண்கள் வேறு. பழைய ஆண்டுகளுக்குப் பழைய சட்டம்தான்.

இன்னொரு விஷயம் ஓ.டி.பி. நமக்குப் பதில் கையெழுத்துப் போட ஒருவருக்குப் பவர் எழுதிக் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. போர்ட்டலிலும் அதற்கு வசதி உண்டு. நான் இப்போது என் மனைவி பெயரில் எழுதி வைத்திருக்கிறேன். பாஸ்வேர்டும் இ-மெயிலும் அவளுக்குத் தெரியும். "உங்க மெயில்ல பாதி பீங்கான் விளம்பரம்தான் இருக்கு" என்கிறாள். போகட்டும்.

பவர் பத்திர நகலும் தவணை கேட்கும் மனுவின் மாதிரியும் முப்பது பிரதி ஜெராக்ஸ் போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் லைப்ரரி வாசலில் இருப்பேன். நம்ம ஆடிட்டர் அண்ணாச்சியும் வந்திருக்கிறார், அவரிடமும் கேளுங்கள். இடிதாங்கி சந்தேகம் இருந்தாலும் கேட்கலாம்.