குளிர்காலமும் பற்கூச்சமும்



ஜனவரி பிறந்துவிட்டால் ஜான்சியில் குழாய் நீரால் வாய் கொப்பளிக்க நம்மில் பலர் அஞ்சுகிறோம். பல் சுரீரென்கிறது. பழி முழுவதையும் வடநாட்டுக் குளிரின்மீது போடுகிறோம். குளிர் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. முன்னரே தேய்ந்த பல்லைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவே.

பல்லின் மேலுறை எனாமல். அதனுள் இருப்பது டென்டின். அதில் கண்ணுக்குப் புலப்படாத நுண்குழாய்களும், அவற்றுள் திரவமும் உண்டு. ஈறு விலகியோ எனாமல் தேய்ந்தோ டென்டின் வெளிப்படின், குளிர் பட்டதும் அத்திரவம் அசைந்து நரம்பைத் தூண்டுகிறது.

தேய்த்தவர் யார்? பெரும்பாலும் நாமேதாம். செங்கற்பொடியும் உமிக்கரியும் கொண்டு, பாத்திரம் துலக்குவதுபோல் பல் துலக்கி வளர்ந்தவர்கள் நாம். பிரஷ் வந்த பின்னரும் கைவேகம் குறைந்தபாடில்லை. காலை டியூட்டிக்கு ஓடுகிறவருக்குப் பொறுமை ஏது! மென்மையான பிரஷும் மெதுவான கையும் வேண்டும். பொட்டாசியம் நைட்ரேட் சேர்ந்த பற்பசை கூச்சத்தைத் தணிக்கும். ஆனால் சில வாரங்கள் விடாது பயன்படுத்தல் வேண்டும். எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பை அருந்தியவுடன் பல் துலக்கலாகாது. அரைமணி பொறுத்தல் நன்று.

குளிர்நீரை விழுங்கிய பின்னும் வலி நெடுநேரம் தங்கினால், அது வெறுங்கூச்சமன்று. சொத்தை நரம்பை எட்டியிருக்கலாம். இதனை அறியாது, மார்ச் மாதக் கணக்கு முடியட்டுமென்று, ஒரு குளிர்காலம் முழுவதும் கிராம்புத் தைலத்தால் நாம் காலங்கடத்தினோம். ஏப்ரலில் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கத்தான் முடிந்தது. மருத்துவமனையோ, நம் குவார்ட்டர்ஸிலிருந்து பத்து நிமிட நடை.